பறக்கும் காளைக்குக் கால் எங்கே போகும்

மாடி அறை கேட்டு என்னிடம் வருகிறவர்கள் முதலில் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். அடுத்ததாக, கீழே வெல்டிங் பட்டறை ஓடுகிறதே, சத்தம் எப்போது நிற்கும் என்பார்கள். அந்தப் பிள்ளை ஒருத்திதான் நேரே போய் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தாள். அப்புறம் திரும்பி, "அண்ணே, வால் நீளமா உள்ள ஒண்ணு இந்த ரூம்ல இருக்குன்னு வச்சுக்கங்க. தூங்குறப்ப வால இது வழியா வெளிய தொங்கப்போட்டா கம்பி உறுத்துமா?" என்று கேட்டாள்.

நாய், பூனை வைத்திருப்பவர்களுக்கு நான் வீடு கொடுப்பதில்லை. அது என்னம்மா பிராணி என்றேன். இன்னும் பெயர் வைக்கவில்லை, ஒரு கதையில் வருகிறது என்றாள். கதையில் வருவதற்கு என் ஜன்னல் எதற்கு என்றேன். அதுவும் எங்கேயாவது தூங்க வேண்டுமே என்றாள். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். வால் எம்புட்டுக் கனம் இருக்கும் என்று நான் கேட்டேன் பாருங்கள், அந்த நிமிடமே சாவி என் கையை விட்டுப் போய்விட்டது. கம்பியை அறுத்து, நுனியை உருட்டிவிட்டு, வாலுக்குத் தோதாக ஜன்னலைத் திருத்தியும் கொடுத்தேன். அவள் இருந்த காலத்தில் எந்த வாலும் உறுத்தியதாகப் புகார் வந்ததில்லை.

அவனியாபுரத்தில் என் பட்டறையைத் தெரியாதவன் இப்போதுதான் விமானத்தை விட்டு இறங்கியவனாக இருக்க வேண்டும். சமயநல்லூர்ப் பக்கம் வெள்ளாமை வீட்டில் பிறந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை வெளியே அனுப்பியது. பிற்பாடு அதே பள்ளிக்கூடத்துக்கு இரும்பு கேட் போட்டது நான்தான். டிராக்டர் டிரெய்லர், ஷட்டர், சுழல் படிக்கட்டு என்று நான் ஒட்டியது எதுவும் இதுவரை விட்டுக்கொண்டதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள். ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல, அவளைப் பற்றி. நடுநடுவே நான் வருவேன். அதைத் தவிர்க்க முடியாது. அவள் போட்ட படத்துக்குள்ளேயே நான் இருக்கிறேன்.

கொரோனாவுக்கு முந்திய வருடங்கள் அவை. அவளுக்கு நாற்பதை நெருங்கிய வயது. மதுரை டவுனுக்குள், கோயிலைச் சுற்றிய வீதி ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். குழந்தைகள் படிக்கும் மாயக்கதைப் புத்தகங்களுக்குப் படம் போடுவதுதான் தொழில். பூதம், பேசுகிற மலை, ராத்திரியானால் எழுந்து நடக்கிற மரம், இப்படிப்பட்ட ஆட்களோடுதான் அவளுக்குக் குடும்பம். தெருவில் படக்காரம்மா என்பார்கள். நான் தாயி என்பேன்.

படம் போடுகிறவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், திடீரென்று ஏதோ இறங்கும், உடனே வரைவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இவள் ஆகாசத்தைப் பார்த்து நான் பார்த்ததில்லை. ஆட்களைப் போய்ப் பார்ப்பாள். கதையில் வருவது எதுவாக இருந்தாலும், அந்த வேலை தெரிந்த ஆளிடம் போய் நின்று, ஏதோ சொந்தக்காரருக்கு விசாரிக்கிற மாதிரி விசாரிப்பாள். கேட்கிற முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இருக்காது. அதனால் கேட்கப்பட்டவரும் சிரிக்க மறந்துவிடுவார்.

ஒரு கதையில் எட்டுக் கை உள்ள அரக்கி. நேரே வளையல் கடைக்குப் போனாள். நானும் டவுனில் வேலை இருந்து கூடப் போயிருந்தேன். எட்டுக் கைக்கும் ஒரே அளவு வளையல் போட்டால் சரியாக இருக்குமா என்று கேட்டாள். அந்தக் கடைக்காரர் கல்யாண சீசன் கூட்டத்தில் மூச்சுவிட நேரமில்லாமல் இருந்தார். இருந்தாலும் கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "அதெப்படி ஒரே அளவா இருக்கும்? வேலை செய்யிற கை பெருத்துருக்கும்ல. எந்தக் கையில சமைக்குது, எந்தக் கையில சண்டை போடுது, அத முதல்ல சொல்லுங்க" என்றார். பக்கத்தில் நின்ற கல்யாணப்பெண்ணின் அத்தை, சமைக்கிற கையில் எவளாவது வளையலை வைத்துக்கொண்டு மாவு பிசைவாளா என்று அவரைப் பிடித்துக்கொண்டார். புத்தகம் வந்தபோது பார்த்தேன். அரக்கி மாவு பிசைகிறாள். பிசைகிற கை வளையல்கள் எல்லாம் கழற்றப்பட்டு மேல் கை ஒன்றில் சேர்ந்து கிடக்கின்றன. அந்தப் பக்கத்தைப் பார்த்தால் அவள் வீட்டில் இன்றைக்குச் சப்பாத்தி என்று தெரியும். பயமும் வரும், பசியும் வரும்.

இன்னொரு முறை பனைமர உயரத்துக்கு ஒரு பூதம். அதை ஷேர் ஆட்டோவில் எப்படி ஏற்றுவீர்கள் என்று எங்கள் ஸ்டாண்டில் கேட்டாள். தலையை வெளியே விட்டுப் படுக்கவைத்துத்தான் கொண்டுபோக முடியும், ஆனால் வில்லாபுரம் திருப்பத்தில் தலை டீக்கடைக்குள் போய்விடும் என்று ஒரு டிரைவர் ரொம்பக் கவலையோடு சொன்னார். படத்தில் பூதம் டீக்கடைக்குள் தலையை விட்டபடி, மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு இருக்கும். அந்த டிரைவர் இன்றுவரை பூதம் தன் வண்டியில் வந்ததாகத்தான் பேசுவார்.

வரைகிற நேரத்தில் அவளைப் பார்க்கக் கூடாது. பூதம் போட்டால் பூதம் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். ஓணான் போட்டால் கழுத்து ஆடும். ஒருநாள் கூரியர் கொண்டுவந்த பையன் திறந்திருந்த கதவு வழியாக அவள் ஏதோ கிழட்டுப் பேயை வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பார்சலைப் படியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டான். கையெழுத்து வேண்டுமேப்பா என்றேன். நீங்களே போட்டுவிடுங்கள் என்று கெஞ்சினான்.

எதற்கு இப்படி ஊரெல்லாம் கேட்டு அலைகிறாய், கற்பனைதானே, உன் இஷ்டத்துக்குப் போட வேண்டியதுதானே என்று நான் ஒருநாள் கேட்டேன். அவள் சொன்ன பதில் எனக்கு அப்போது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. "அப்புடி நடக்காது, முடியாதுன்னு யாராச்சும் கோவப்படணும்ணே. அதுவரைக்கும் கை போகாது. இல்லாத ஒண்ணு மேல மனுசன் கோவப்படுவானா?"

அப்படியென்றால், எதற்கெடுத்தாலும் கோபப்படுகிற இந்த ஊரை விட்டால் அவளுக்கு வேறு ஊர் கிடையாது. இறக்கை முளைத்த காளை ஒன்று அவள் கைக்கு வந்தபோது அது தெரிந்தது. கதை வேறு யாரோ எழுதியது. ஒரு காளைக்கு இறக்கை இருக்கிறது, அது மேகத்தைத் தின்கிறது, ஒரு சின்னப் பெண் அதைத் தேடிப் போகிறாள், அவ்வளவுதான். காளையை வைத்து அவனியாபுரத்தில் கதை கேட்கலாமா? பொங்கல் அன்றைக்கு எங்கள் ஊரே வாடிவாசலாகிவிடும். மாடு வளர்க்கிறவர்கள் கூடுகிற டீக்கடையில் போய் நின்று, இறக்கை உள்ள காளையை ஜல்லிக்கட்டில் விடுவார்களா என்று கேட்டுவிட்டாள்.

விடமாட்டார்கள், அது போங்கு ஆட்டம் என்றார் ஒருவர். ஏன் விடமாட்டார்கள், இறக்கையைச் சேர்த்துக் கட்டி அவிழ்க்கட்டும், மாடு மாடுதானே என்றார் இன்னொருவர். அதுவரை எல்லாம் மரியாதையாகத்தான் போனது. மூன்றாவதாக ஒருவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப நிதானமாக ஒரு சந்தேகம் கேட்டார். "திமில அணைஞ்சவன் மூணு துள்ளுக்குத் தாக்குப்பிடிக்கணும். சரி. மாடு மேல போயிருச்சு. ஆகாசத்துல எது துள்ளு? அத யாரு எண்ணுறது?"

அன்றைக்கு அந்தக் கடையில் பால் பொங்கி வழிந்ததை யாரும் பார்க்கவில்லை. மாமன் மச்சான் முறை உள்ள இரண்டு பேர் துள்ளுக் கணக்கில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. அவளோ ஓரத்தில் நின்று, கிழித்த பேப்பர் கப்பில் அவர்கள் முகத்தை எல்லாம் வரைந்துகொண்டிருந்தாள். அப்படி ஒரு சந்தோஷம் முகத்தில்.

இவ்வளவு கேட்டும் அந்தக் காளை வரவில்லை. அதுதான் நான் சொல்ல வந்தது.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அவள் கீழே வரவில்லை. தினமும் பட்டறையில் வந்து ஏதாவது கேட்டு வேலையைக் கெடுக்கிறவள், ஒன்றும் கேட்காமல் இருந்தாள். என் வீட்டுக்காரிதான் முதலில் கவனித்து, மாடியில் அந்தப் பிள்ளை இருக்கிறதா, போய்ப் பாருங்கள் என்று விரட்டினாள். போய்ப் பார்த்தேன். உட்கார்ந்து ஆப்பிள் வரைந்துகொண்டிருந்தாள். ஆப்பிள், பந்து, பூனை. சிவகாசியில் ஒரு சார்ட் கம்பெனிக்காம். பள்ளிக்கூடச் சுவரில் தொங்குமே, அந்தச் சார்ட். அவள் முகம் ஆப்பிள் மாதிரிகூட இல்லை. வெறும் முகமாக இருந்தது.

விஷயத்தைப் பிடுங்கித்தான் வாங்க வேண்டியிருந்தது. காளைப் படத்தைச் சென்னைப் புத்தகக் கம்பெனி அம்மா இரண்டாம் முறையும் திருப்பிவிட்டார். நன்றாக இருக்கிறது, ஆனால் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது என்று சொன்னாராம். அதோடு, வேறொருவரிடம் கம்ப்யூட்டரில் படம் போட்டும் வாங்கிவிட்டார்கள். பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர்களுக்குப் புத்தக விழா வருகிறது. அங்கே இரண்டையும் பிள்ளைகளிடம் காட்டுவார்கள், பிள்ளைகள் எதைக் கேட்கிறார்களோ அது அச்சாகும். இவள் அதற்குள் இன்னொரு முறை முயன்று பார்க்கலாம். அதுவரை அவள் போட்ட எந்தப் புத்தகத்திலும் அட்டையில் அவள் பெயர் வந்ததில்லை, உள்ளே மூலையில் எறும்பு மாதிரி இருக்கும். இதில்தான் முதல்முறையாக அட்டையில் வருவதாக இருந்தது. இதுவும் போய்விட்டால் சிவகாசிக்கே நிரந்தர வேலைக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். இப்படி எத்தனை நாள் ஊரைக் கேட்டுக்கொண்டே ஓட்ட முடியும் என்று வீட்டிலும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்களாம்.

"அங்க ஆப்பிள் ஆப்பிளா மட்டும் இருந்தாப் போதும்ணே. அது என்ன நெனைக்கும்னு கேட்டா வீட்டுக்கு அனுப்பிருவாக" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில், எங்கே அந்தக் காளை, காட்டு என்றேன். காட்டினாள். நல்ல காளைதான். கொம்பு, திமில், தாடை எல்லாம் எங்கள் ஊர் மாடு. ஆனால் மாட்டுத் தீவன மூட்டையில் அச்சடித்த காளையை வெட்டி எடுத்து, முதுகில் இறக்கையைக் குத்திவிட்ட மாதிரி இருந்தது. நாலு காலும் தரையில் ஓடுகிற மாதிரியே ஆகாசத்தில் ஓடின. தாயி, இந்த இறக்கை இந்த உடம்பைத் தூக்காது என்றேன். ஏன் தூக்காது என்றாள். கனம் அம்மா, கனம், முன்பக்கமே குப்புறக் கவிழ்ந்துவிடும், இந்த இடத்தில் கீல் வைத்தால் எலும்பு முறியும், நான் எத்தனை டிரெய்லர் கட்டியிருக்கிறேன், என்னிடம் சொல்கிறாயா என்று நான் கத்த ஆரம்பித்தேன். கத்திக்கொண்டே இருக்கும்போது பார்க்கிறேன், அந்த முகம் மெல்ல மெல்ல வெளிச்சமாகிறது. அவளுக்கு வேண்டிய கோபத்தை நான் படிப்படியாக ஏறிவந்து கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் என்ன, பட்டறையில் டிரெய்லர் வேலையை நிறுத்திவிட்டு இறக்கை செய்தேன். பைப்பு, தார்ப்பாய், நல்ல கனமான கீல். மதுரையில் வேறு எவனும் இப்படி ஒரு இறக்கை செய்திருக்க மாட்டான். அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இது இரும்பு கேட்டுண்ணே" என்றாள். என்னிடம் வெல்டிங் செய்கிற முனியாண்டி, மச்சினன் முறை வேறு, ஒரு தாழ்ப்பாளும் வைத்துவிட்டால் வாட்ச்மேனே போடலாம் மாமா என்றான். அவனை அன்றைக்கு மதியம் வரை நான் பார்க்கவில்லை. எதிரே நின்றான், பார்க்கவில்லை. இரண்டாவது இறக்கையை மூங்கிலும் நைலான் துணியுமாகக் கட்டினேன். அது நன்றாக விரிந்தது, மடங்கியது, காற்றைப் பிடித்தது. முனியாண்டியே தொட்டுக் கும்பிட்டான்.

அவள் அதையும் விரித்து மடக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், இறக்கை சரி, இறக்கைக்கு வேலை இருக்கிறது, அது பறந்துவிடும். கால்தான் தெரியவில்லை. பறக்கிற காளைக்குக் கால் எங்கே போகும்? பறவை காலை மடக்கிக்கொள்ளும், அதற்குப் பழக்கம். இது காலம் பூராவும் தரையில் நின்ற பிராணி.

கிணற்றில் விழுந்த மாட்டைப் பெல்ட் போட்டுக் கிரேனில் தூக்கினதை நான் பார்த்திருக்கிறேன், கால் கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு வந்தது என்றேன். அது பயந்த மாடு, நம் காளை தானாக ஆசைப்பட்டுப் பறப்பது என்றாள். காளை அளவுக்குக் கனம் இருக்க வேண்டும். பெருமையும் இருக்க வேண்டும். இதுவரை தரையை விட்டு மேலே போயிருக்கக் கூடாது. ஆனாலும் தானாக இஷ்டப்பட்டு மேலே போக வேண்டும். அப்படி ஒன்றைத் தொங்கவிட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றாள்.

பட்டறையில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் மறுத்திருப்பேன் என்று நினைக்காதீர்கள். விமானத்தில் ஏறாதவன்தான், ஆனால் இந்த ஏரியாவில் என்னைவிடப் பொருத்தமான காளை யார் என்று நானே கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை, பட்டறை லீவு. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டேன். எஞ்சின் தூக்குகிற அகலப் பெல்ட்டில் ஒன்று நெஞ்சுக்கு, ஒன்று இடுப்புக்கு. இரண்டு தோளிலும் மூங்கில் இறக்கை. மேலே உத்திரத்தில் செயின் பிளாக். லாரி எஞ்சினையே பூ மாதிரித் தூக்குகிற சாமான் அது. முனியாண்டி சங்கிலியை இழுத்தான். வாசலில் டீக்கடை ஆட்கள், பேச்சுவார்த்தை இல்லாத அந்த இரண்டு பேர் உட்பட, கூடிவிட்டார்கள். அவள் எனக்கு நேர் கீழே, எண்ணெய்க் கறை படிந்த தரையில், சாக்கை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

கால் தரையில் இருந்தவரை நான்தான் எல்லாருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன். மெல்ல இழு, இடது பக்கம் பார், பெல்ட்டைப் பார் என்று. தரை போனது. பேச்சும் போனது. என்னுடைய இரண்டு காலும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், கீழே நீண்டு கட்டைவிரலால் தரையைத் தேடின. துழாவின. கையோ இறக்கையை மறந்து, சின்னப்பிள்ளை மாதிரி நெஞ்சோடு மடங்கிக்கொண்டது. முகம் மட்டும் நாலு பேர் பார்க்கிறார்களே என்று மீசையோடு நிமிர்ந்து நின்றது. அந்தச் சமயம் பார்த்துச் சங்கிலி முறுக்கிக்கொண்டு என்னை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. அவனியாபுரம் சுற்றியது. டீக்கடை வந்தது, ஷேர் ஆட்டோ வந்தது, என் வீட்டுக்காரி வந்தாள், மறுபடி டீக்கடை வந்தது.

வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். இறக்கட்டுமா அக்கா என்று முனியாண்டி கேட்டான்.

"இருக்கட்டும்டா தம்பி. கல்யாணம் முடிச்சதுல இருந்து இன்னைக்குத்தான் மனுசன் பேசாம இருக்காரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்க, செயின் குலுங்க, இறக்கை படபடக்கச் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க இன்னும் சுற்றினேன். கீழே இருந்து அவள், "கால மறந்துருங்கண்ணே, கால மட்டும் மறந்துருங்க" என்று கத்திக்கொண்டே, பார்க்காமலே கையால் வரைந்து தள்ளினாள். பறந்துபோன பேப்பரை டீக்கடைக்காரர்கள் பொறுக்கிக் கொடுத்தார்கள். சட்டையைப் பிடித்துக்கொண்ட அந்த இரண்டு பேரும், மாடு தானாகச் சுற்றினால் அது துள்ளில் சேருமா என்று பேசிக்கொண்டே ராசியாகிவிட்டார்கள்.

இறக்கிவிட்ட பிறகு அவள் வரைந்ததைக் காட்டினாள். ஒரு காளை ஆகாசத்தில் போகிறது. இறக்கைக்கு அவ்வளவு கம்பீரம். தலை என்னைப் போலவே, ஊரே பார் என்கிறது. முன்னங்கால் நெஞ்சோடு மடங்கியிருக்கிறது. பின்னங்கால் இரண்டும் தொங்கி நீண்டு, குளம்பு நுனியால் இல்லாத தரையைத் துழாவுகிறது. அதைப் பார்த்தால் சிரிப்பு வரும், கையை நீட்டிக் கீழே பிடித்துக்கொள்ளத் தோன்றும். மேகம் தின்கிற மாடென்றால் அசைபோடும்போது வாயோரம் தூறல் விழுமே என்று என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொன்னாள். படக்காரம்மா உடனே வாயோரத்தில் நாலு துளி போட்டாள். அந்த நாலு துளியை வைத்து, புத்தகத்தில் பாதி நான் போட்டது என்று வீட்டுக்காரி இன்றும் என்னிடம் சண்டைக்கு வருகிறாள்.

பசுமலைக்கு நான்தான் அவளைக் காரில் அழைத்துப் போனேன். வழியெல்லாம் ஒரு கேள்வி கேட்கவில்லை. என் வெள்ளை வேட்டியைப் பார்த்துவிட்டு ஒரு டீச்சர் என்னை முன்வரிசை நாற்காலியில் உட்காரச் சொன்னார், நான் மறுக்கவில்லை. அவள் பின்னால், கதவோரம் நின்றுகொண்டாள். மூன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் தரையில் உட்கார்ந்திருந்தன. கம்பெனி அம்மா கதையைச் சொல்லிவிட்டு, எந்தப் படம் யாருடையது என்று சொல்லாமல், முதல் படத்தைத் திரையில் போட்டார்.

கம்ப்யூட்டர் படம் அது. நான் நியாயத்தைச் சொல்ல வேண்டும். தங்கக் காளை. ஒவ்வொரு மயிரும் மின்னியது. இறக்கையில் சூரியன். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஏயப்பா என்றன, கை தட்டின. திரும்பி அவளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இன்னொரு முறை காட்டட்டுமா என்று அந்த அம்மா கேட்டார். வேண்டாம் மிஸ், அடுத்தது என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

அடுத்தது வந்தது. கைதட்டல் இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பிள்ளை மட்டும் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டது. முடிந்தது கதை, சிவகாசிக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று நான் நினைக்க ஆரம்பித்தேன்.

"மிஸ், அது விழப்போகுது" என்றான் ஒரு பையன்.

"விழாதுடா. கால் தரையத் தேடுது. நீ கிணத்துல எறங்குறப்ப தேடுவீல்ல, அப்புடி."

"மேகத்தத் திங்குதுல்ல. வயிறு ரொம்புனா கனமாயிரும். அப்ப எறங்கித்தான ஆகணும்."

எங்கே இறங்கும் என்று யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான். மாட்டுத்தாவணியில் இறங்கும் என்றது ஒன்று. அங்கே பஸ் நிற்கும், இடமில்லை என்றது இன்னொன்று. நம் கிரவுண்டில் இறங்கலாம் என்றான் ஒருவன். கிரவுண்டிலா, கோல் போஸ்ட் வயிற்றில் குத்தாதா, மாடு சாகவா என்று அந்தச் சிரித்த பிள்ளை எழுந்து நின்று அவனை அதட்டியது. நிஜமான கோபம், கண்ணில் தண்ணீர் வேறு. டீச்சர் உட்காரச் சொல்கிறார், விசில் ஊதுகிறார், ஒன்றும் நடக்கவில்லை. கோல் போஸ்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நாலு பேர் ஓடினார்கள். நாலு பேருக்குப் பின்னால் நாலாம் வகுப்பு. அதற்குப் பின்னால் மூன்றாம் வகுப்பு. ஹாலில் மிச்சம் இருந்தது நானும், டீச்சரும், கம்பெனி அம்மாவும், ஒற்றைச் செருப்புகளும்தான்.

அந்த அம்மா முதல் படத்தை மறுபடி திரையில் போட்டுப் பார்த்தார். பார்க்க ஒரு பிள்ளை இல்லை. பிறகு மெதுவாக லேப்டாப்பை மூடிவிட்டு என்னிடம், "ஐயா, அவங்ககிட்டச் சொல்லிருங்க. அவங்க படந்தான். அட்டைக்கும் இதேதான்" என்றார்.

இந்தச் செய்தியைச் சொல்லத் தகுதியான ஆள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கதவோரம் பார்த்தேன், அவளைக் காணோம். இந்த உடம்போடு கிரவுண்டுக்கு ஓடினேன். அங்கே பிள்ளைகள் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் பாட்டிலையும் பைகளையும் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு கூட்டம் கோல் போஸ்டை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் அவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காளை இறங்குவதற்காக ஒரு குச்சியால் மண்ணில் பெரிய வட்டம் போட்டுக்கொண்டே, முதலில் எந்தக் கால் ஊன்றும், தூசி எந்தப் பக்கம் போகும் என்று அந்தக் கோபக்காரப் பிள்ளையிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு வாங்க வட்டத்துக்கு நடுவில் போய் நின்றேன். தாயி, அந்தம்மா ஒத்துக்கிருச்சு, உம் படந்தான், அட்டையில பேரு வருது என்றேன். காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. குச்சியை என் காலில் தட்டினாள். தலை நிமிர்ந்து எனக்கு மேலே எதையோ பார்த்தாள். சுற்றி நின்ற பிள்ளைகளும் அங்கேயே பார்த்தார்கள்.

"அண்ணே, செத்த ஒதுங்குங்க. எறங்குது."

ஒதுங்கினேன். வேட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அம்புட்டுப் பெரிய இறக்கை, காற்று அடிக்காதா?